எட்டாம் வகுப்பு ‘பி’யும் ஏரி வெட்டிய வருஷமும்

ஆகஸ்ட் 4, வெள்ளி

‘கொள்ளிடத்துக் காவலன்’ இன்று காலமானான். முதல் பக்கத்திலேயே. ஐந்து பாகம், ஆயிரத்து எண்ணூறு பக்கம், கல்லூரி நாளில் நான் சோறு தண்ணீர் மறந்து படித்த சரித்திர நாவல். எட்டாம் வகுப்பு ‘பி’ பிள்ளைகள் அதைப் பத்து நிமிடத்தில் பாடையில் ஏற்றிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் நூலக வகுப்பு. நானே உரக்கப் படித்தேன். நிலா எழுந்தது, ஆறு புரண்டது, வெண்புரவி மேல் ஒரு வீரன் வந்தான். வந்துகொண்டே இருந்தான். பதினோரு வரி தாண்டியும் கரைக்கு வந்து சேரவில்லை. கடைசி பெஞ்சில் கிஷோர் கையைத் தூக்கினான்.

“டீச்சர், இந்தாளு எப்ப டீச்சர் குதிரைய வுட்டு எறங்குவாரு?”

முப்பத்தாறு பேரில் முப்பத்தைந்து பேர் சிரித்தார்கள். மோனிஷா சிரிக்கவில்லை. அவள் எதற்கும் சிரிப்பதில்லை. சன்னல் ஓரம் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். புத்தகத்தைக் கொடுத்தால் மரியாதையாக வாங்கி, மூடியபடியே மேசைமேல் வைப்பாள். ஜூன் மாதத்திலிருந்து இதே கதைதான். இந்த வயதில் இவ்வளவு திமிர் ஆகாது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

தலைமையாசிரியர் கலியமூர்த்தி கூப்பிட்டார்.

“தமிழம்மா, நீங்கதான கேட்டீங்க. வரலாத்துக் கதைய வச்சி இந்தப் பசங்களப் படிக்க வைக்கிறேன், ரெண்டு பீரியட் குடுங்கன்னு. ரெண்டு மாசம் ஆச்சு. இருதயராஜ் சார் கணக்குக்கு நேரம் பத்தலன்னு தினமும் வந்து நிக்கிறாரு.”

கொஞ்சம் அவகாசம் கேட்டேன். கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. நவம்பர் முடிவதற்குள் ‘பி’ பிரிவில் முப்பது பிள்ளைகள் ஒரு வரலாற்று நாவலை முழுக்கப் படித்து, அவர் முன்னால் எழுந்து நின்று கதை சொல்ல வேண்டும். இல்லையென்றால் டிசம்பரிலிருந்து அந்த இரண்டு பீரியடும் கணக்குக்கு. நூலக அறையும் கணக்குக்கு.

அறை போகக் கூடாது. அந்த வயதில் எனக்கும் இப்படி ஓர் அறை இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கும்பகோணம் போய் மூன்று கடை ஏறி இறங்கினேன். பிள்ளைகளுக்கான வரலாற்றுக் கதை என்றால் கடைக்காரர்கள் எடுத்துப்போடுவது இரண்டு வகை. ஒன்று, தலையணை மொத்தம். இன்னொன்று, படம் போட்டு, பக்கத்துக்கு ஒரு நீதி சொல்லும் ஒல்லிப் புத்தகம். அதில் இளவரசன் பொய் பேச மாட்டான், மந்திரி பேசுவதெல்லாம் பழமொழி. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால், “இது எங்க தம்பி படிக்கிறது டீச்சர்” என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

சுதந்திரப் போராட்ட நாவல் ஒன்றை முயன்றேன். சிறை, தடியடி, தியாகம், எல்லாம் இருந்தது. முதல் அத்தியாயம் முடிந்ததும் முதல் பெஞ்சு கேட்டது: “இதுல எத்தன மார்க்குக் கேள்வி வரும் டீச்சர்?” மார்க்கு கிடையாது என்றேன். புத்தகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. செவிடன் காதில் சங்கு ஊதினால்கூடச் சங்குக்கு ஒரு வேலை இருந்தது என்று ஆறுதல் கொள்ளலாம்.

செப்டம்பர் 1, வெள்ளி

கோபம் தலைக்கேறி இன்று புத்தகத்தையே தூக்கி வைத்துவிட்டேன். “உங்களுக்கு எந்த மாதிரி கதைதான் வேணும், நீங்களே சொல்லித் தொலைங்க” என்றேன்.

சொன்னார்கள். நான் நிறுத்தச் சொல்லும்வரை சொன்னார்கள். முதல் பக்கத்திலேயே யாராவது ஓட வேண்டுமாம். ஆட்களின் பேர் வாயில் நுழைய வேண்டுமாம். பட்டப்பேர் ஏழு வரிக்கு நீளக் கூடாதாம். ராஜா வரலாம், ஆனால் அவரே கதை முழுக்க நிற்கக் கூடாது. “அந்தக் காலத்துல எங்கள மாதிரிப் பசங்களே கெடையாதா டீச்சர்? எல்லாருமே ராஜாவா?” என்று கிஷோர் கேட்டான். கேள்வி நியாயமானது. அவனிடமிருந்து வந்ததுதான் எரிச்சல்.

மோனிஷாவைக் கேட்டேன். எழுந்து நின்றாள்.

“நெசமா இருக்கணும் டீச்சர்.”

“கதைன்னா கற்பனைதான்மா.”

“கற்பனையா இருக்கட்டும். பொய்யா இருக்கக் கூடாது.”

உட்கார் என்றேன்.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா கொழுக்கட்டை கொண்டுவந்தார். நல்ல மனுஷி. இரண்டு வருடமாக இங்கே குடியிருக்கிறேன், வாடகை தவிர வேறு விஷயமாக அவர் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. இன்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினார்.

“ஒங்களுக்குச் சொந்த ஊரு எது டீச்சர்? கேக்கணும்னே நெனப்பேன்.”

“சிதம்பரம் பக்கம்.”

“சிதம்பரத்துல எங்க?”

அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டேன். ‘பக்கம்’ என்பது நல்ல சொல். எட்டுத் திசைக்கும் பொருந்தும்.

செப்டம்பர் 30, சனி

கிடைத்துவிட்டது. காலாண்டு விடுமுறையில் விருத்தாசலம் போனபோது பழைய புத்தகக் கடையில், சமையல் குறிப்புகளுக்கு அடியில் கிடந்தது. ‘ஏரி வெட்டிய வருஷம்’. நூற்று முப்பது பக்கம். எழுதியவர் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. சோழர் காலம், ஆனால் சோழர் எட்டிப் பார்ப்பதோடு சரி. கதை சாத்தி என்கிற பதினான்கு வயதுப் பெண்ணுடையது. ஏரிக்கு மண் சுமக்கிறாள். மேற்பார்வைக்காரன் கூடைக் கணக்கில் ஏமாற்றுகிறான். அவள் யாருக்கும் தெரியாமல் புளியங்கொட்டையை வைத்து எண்ணிக்கொண்டு வருகிறாள்.

முதல் வரி: ‘சாத்தி ஓடினாள்.’

கடையிலேயே நின்றபடி இருபது பக்கம் படித்தேன். பதிப்பாளருக்குப் போன் செய்தேன். விற்காத கட்டு அப்படியே இருக்கிறதாம். இருபது பிரதி அனுப்பச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

அக்டோபர் 4, புதன்

முழுக்கப் படித்துவிட்டேன். நல்ல நாவல். ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது.

சாத்தி இருப்பது தென்சேரி. அது போகட்டும். வேதம் ஓதுகிறவர்கள் இருப்பது வடசேரி. ஊர்க் கணக்கர்கள் இருப்பது மேலைச்சேரி. எழுதியவர் தவறு செய்யவில்லை. அந்தக் காலத்தில் சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். யார் சேர்ந்து வாழ்ந்தாலும் சேரி. கல்வெட்டுகளிலும் அப்படி உண்டு என்று எம்.ஏ.யில் படித்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல் யாருடைய இடத்தைக் குறிக்கிறது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். திட்டுவதற்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். மோனிஷாவும் இன்னும் பதினொரு பிள்ளைகளும் காலனியிலிருந்து வருகிறவர்கள். வகுப்பில் உரக்கப் படிக்கும்போது யாராவது களுக்கென்று சிரித்தால் அவர்கள் எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்கள்?

பதினாறு இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

கம்ப்யூட்டர் சென்டரில் ‘தெரு’ என்று அதே அளவு எழுத்தில் அடித்து வாங்கிவந்தேன். பதினாறு இடம், இருபது பிரதி, முந்நூற்று இருபது துண்டுச் சீட்டு. கத்தரித்து, பசை தடவி, சேரிமேல் தெருவை ஒட்டினேன். வடதெரு. மேலைத்தெரு. தென்தெரு. காலையில் ஆரம்பித்தது, சாயங்காலம் ஆகிவிட்டது. விரலெல்லாம் பிசுபிசுப்பு. கழுத்து பிடித்துக்கொண்டது.

நடுவில் தம்பி அறிவழகன் போன். ஊரில் புது வீடு கட்டி முடித்துவிட்டானாம். நவம்பர் பத்தொன்பது புதுமனை புகுவிழா. அழைப்பிதழை நேரில் கொண்டுவருகிறேன் என்றான்.

“வேண்டாம்டா. இங்க ஒரு வாரமா தண்ணி வரல. தபால்ல போடு.”

“யக்கா, நான் தண்ணி குடிக்கவா வரேன்?”

தண்ணீர் வருகிறது.

பிள்ளைகளுக்காகத்தான் இவ்வளவு பாடும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 13, வெள்ளி

ஓடினாள். சாத்தி ஓடினாள், பின்னாலேயே எட்டாம் வகுப்பு ‘பி’யும் ஓடியது. இரண்டு பேருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். மேற்பார்வைக்காரன் கூடையை எட்டி உதைத்த இடத்தில் கிஷோர், “அவன் மண்டைய ஒடைக்கணும் டீச்சர்” என்றான். மணி அடித்த பிறகும் ஏழெட்டுப் பேர் எழுந்திருக்கவில்லை.

மோனிஷா புத்தகத்தைத் திறந்தாள். எத்தனை பக்கம் படித்தாள் என்று தெரியாது. திறந்தாள்.

அக்டோபர் 20, வெள்ளி

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். வசமாக மாட்டிக்கொண்டேன்.

வகுப்பு ஆரம்பித்துக் கால் மணி நேரம் இருக்கும். மோனிஷா கை தூக்கினாள். ஜூன் மாதத்திலிருந்து அவள் தானாகக் கை தூக்கியது இதுதான் முதல் முறை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

“டீச்சர், நாப்பத்தொண்ணாம் பக்கத்துல ‘தெருயில்’னு போட்டிருக்கு. தெருவில்னுதான வரும்? உகரத்துக்கு வகர உடம்படுமெய்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?”

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பாடத்தில் இல்லை, இவர்கள் எழுத்துப்பிழை தாங்காமல் நானே கரும்பலகையில் எழுதிப்போட்டது. மூலத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும் ‘சேரியில்’ என்று இருந்திருக்கிறது. நான் சேரியை மட்டும் மூடி, ‘யில்’லை விட்டுவிட்டேன். எம்.ஏ. தமிழ். இருபது வருட சர்வீஸ். உடம்படுமெய்யில் சறுக்கினேன்.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நகத்தால் சுரண்டிவிட்டாள்.

“இது அச்சு இல்ல டீச்சர். ஒட்டிருக்கு. அடியில சேரின்னு இருக்கு.”

வகுப்பு முழுக்கத் தலைகள் குனிந்தன. சுரண்டும் சத்தம். “எங்க புக்குலயும் இருக்குடா.” “இங்க பாரு, வடதெரு இல்ல, வடசேரி.” ஒரு பிரதியையும் விடவில்லை. இத்தனை ஆர்வமாக இவர்கள் பக்கம் புரட்டி நான் பார்த்ததில்லை.

மோனிஷா நின்றுகொண்டே இருந்தாள்.

“யாரு டீச்சர் ஒட்டினது?”

“நான்தான். படிக்கும்போது யாராவது சிரிச்சிட்டா நல்லா இருக்காதுன்னு.”

“யாரு சிரிப்பா?”

பாடத்துக்குத் திரும்பினேன். அவள் உட்காரும்போது என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

அக்டோபர் 27, வெள்ளி

மறைத்ததுதான் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று, இனி பொருளையாவது சொல்லுவோம் என்று சொன்னேன். சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம். வேதம் ஓதியவர்களுக்கும் சேரி, கணக்கருக்கும் சேரி. நம்பவில்லை. அகராதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தேன். எட்டுப் பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

“அப்ப எங்க தெருவும் சேரிதானா டீச்சர்?” கிஷோர்.

“பழைய கணக்குப்படி ஆமா.”

“நாங்க மேல தெரு. அப்ப மேலச்சேரி. சூப்பரா இருக்கு.”

பிறகு ஒரே கூத்து. ஒவ்வொருவனும் தன் தெருவுக்குச் சேரி சேர்த்துப் பெயர் வைத்துக்கொண்டான். பெருமாள் கோயில் சேரி. பஸ் ஸ்டாண்டுச் சேரி. காலனிப் பிள்ளைகள் பேசாமல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மோனிஷா சொன்னாள்: “எங்களுது மட்டும் பேர் மாத்த வேண்டாம்.” அவள் பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். மோனிஷாவும் சிரித்தாள். அந்தப் பிள்ளைக்குக் கன்னத்தில் குழி விழும் என்று இன்றுதான் தெரிந்தது.

நவம்பர் 3, வெள்ளி

முடித்தவர்கள் பத்தொன்பது.

தம்பியின் அழைப்பிதழ் தபாலில் வந்தது. முகவரி கொட்டை எழுத்தில். வீட்டுக்கார அம்மா கீழே வாங்கி வைத்திருந்து கையில் கொடுத்தார். கவர் பிரிக்காமல்தான் இருந்தது. இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

நவம்பர் 10, வெள்ளி

இருபத்தெட்டு. தீபாவளிக்கு மறுநாளே மீதியை முடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போகப் பிரதிக்கு அடிதடி. இருதயராஜ் சார் ஆசிரியர் அறையில், “என்ன தமிழம்மா, வசியம் வச்சிட்டீங்களா?” என்றார். அவருக்கு உள்ளூர எரிச்சல்தான். எனக்கு அதில் ஒரு சின்ன ஆனந்தம், மறைப்பானேன்.

நவம்பர் 16, வியாழன்

முப்பத்து மூன்று பேர் முடித்துவிட்டார்கள். முப்பது கேட்டார், முப்பத்து மூன்று கொடுத்தேன். அதைச் சொல்லத்தான் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அங்கே கிஷோரின் அப்பா செங்குட்டுவேல் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். கையில் கிஷோரின் அறிவியல் நோட்டு. அட்டையில் முத்துமுத்தாக எழுதியிருந்தது: ‘செ. கிஷோர், 8-பி, மேலச்சேரி.’

“இதுதான் நீங்க நடத்துற லட்சணமா? எங்க பாட்டன் முப்பாட்டன் இருந்த தெருவ எம் மவனே சேரின்னு எழுதறான். சொந்தக்காரன் பார்த்தா காறித் துப்ப மாட்டான்?”

விளக்கம் சொன்னேன். கல்வெட்டு, அகராதி, பழந்தமிழ். அவர் காதில் ஏறவில்லை. அவர் எழுந்து போன பிறகு தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார்.

“தமிழம்மா, பெருசு பண்ணாதீங்க. அடுத்த வெள்ளிக்கிழமை கதை சொல்ற நிகழ்ச்சிக்கு அவரும் வராரு. ஆரம்பத்துலயே பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அந்தச் சேரிங்கிறது அச்சுப் பிழை, தெருன்னுதான் இருக்கணும்னு. அவரும் சமாதானமாயிடுவாரு. வகுப்பு, அறை ரெண்டும் ஒங்களுக்கே. கணக்கு வேற நேரம் பார்த்துக்கலாம்.”

“அச்சுப் பிழை இல்ல சார்.”

“தெரியும்மா. இருந்தாலும் நம்ம பிள்ளைங்க மனசு நோகக் கூடாது பாருங்க.”

நம்ம பிள்ளைங்க. அந்த ‘நம்ம’வில் என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். இரண்டு வருடமாக அந்த ‘நம்ம’வுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. இன்றும் தலையாட்டிவிட்டு வந்தேன். வயிறு எரிகிறது. யார்மேல் எரிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். தம்பி வீடு நன்றாக இருக்கிறது. மாடிப்படிக்குச் சிவப்பு டைல்ஸ் போட்டிருக்கிறான். சாப்பிட்டேன். பகல் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

“ஒரு நாள் தங்கிட்டுப் போவக் கூடாதா யக்கா” என்று பஸ் ஏற்றிவிட வந்தவன் கேட்டான். நோட்டுத் திருத்த வேண்டும் என்றேன். “எப்பவும் நோட்டுதான்” என்றான்.

நவம்பர் 22, புதன்

ஒரே ஒரு சொல். அதுவும் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. பிள்ளைகள் எழுத்துப்பிழை விடுகிறார்கள், அச்சகம் விடாதா? இரண்டு வார்த்தை சொன்னால் அறை மிஞ்சும். அறை இருந்தால் அடுத்த வருடமும் புத்தகம் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சொல்லிவிடுவதுதான் சரி. நாலு முறை போட்டுப் பார்த்தேன். நாலு முறையும் அதே விடைதான் வந்தது.

நவம்பர் 24, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கதை சொல்லும் நிகழ்ச்சி நூலக அறையில். தலைமையாசிரியரும் செங்குட்டுவேலும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தாறு பேரும் எண்ணெய் வழியத் தலைவாரி வந்திருந்தார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் எழுந்தேன்.

“கதை சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். புத்தகத்துல சேரின்னு வர்ற எடமெல்லாம் அச்சு...”

அவ்வளவுதான் வந்தது. கிஷோர் அதற்குள் கையைத் தூக்கிவிட்டான். அப்பா பின்னால் இருப்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

“டீச்சர், எல்லாரும் சொல்லிட்டோம். நீங்க மட்டும் சொல்லவே இல்ல. ஒங்க வீடு எந்தச் சேரி டீச்சர்?”

நான் பேசுவதற்குள் சன்னல் ஓரத்திலிருந்து மோனிஷாவின் குரல் வெடுக்கென்று வந்தது.

“டீச்சருக்குச் சிதம்பரம்டா. டவுனு. அங்கெல்லாம் சேரி கெடையாது. ஒக்காரு நீ.”

நான் இந்த வகுப்பில் என் ஊரைச் சொன்னதே இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, அதை யாரும் பிடித்துவிடக் கூடாதே என்று பயந்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருடமும் எதை அவமானம் என்று நினைத்தேனோ அது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“சிதம்பரம் இல்ல” என்றேன். “காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்துல ஒரு கிராமம். ஊருக்குத் தெக்க ஒரு வாய்க்கா ஓடும். அதத் தாண்டினா எங்க வீடு. அதுக்குப் பேரு சேரி. அகராதியில இருக்கிற பழைய சேரி இல்ல. இப்ப எதச் சொல்லித் திட்டுறாங்களோ, அந்தச் சேரி. நான் அங்கதான் பொறந்தேன். அங்கேருந்து நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். புத்தகத்துல இருக்கிறது அச்சுப் பிழை இல்ல. அதுமேல ஒட்டினதுதான் பிழை. அத ஒட்டினது நான். ஒங்களுக்காக ஒட்டினேன்னு சொன்னேன். அதுவும் உண்மை இல்ல.”

கிஷோர் இன்னும் நின்றுகொண்டிருந்தான். யோசித்தான்.

“அப்ப தென்சேரியா டீச்சர்? சாத்தி மாதிரி?”

“ஆமாப்பா. தென்சேரி.”

சரி என்பதுபோல உட்கார்ந்தான். அவனுக்கு அது ஒரு முகவரி, அவ்வளவுதான். செங்குட்டுவேல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். போகிற போக்கில் மகனைக் கூப்பிட்டார். அவன், “கத சொல்லிட்டு வரேம்ப்பா” என்றான். சொன்னான். முப்பத்து மூன்று பேரும் சொன்னார்கள். தலைமையாசிரியர் கடைசிவரை இருந்தார், ஒரு பிள்ளையின் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல்.

எல்லாம் முடிந்து என்னிடம் வந்தவர், இதுவரை பேசிய அதே மரியாதையோடு, ஆனால் இரண்டடி தள்ளி நின்று சொன்னார்: “டிசம்பர்லேருந்து கணக்குதாம்மா. சாவிய ஆபீஸ்ல குடுத்துடுங்க.” ‘நம்ம’ இல்லை.

ஜெயித்த பந்தயத்தில் தோற்றேன். கொடுத்தேன் சாவியை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதை எழுதி வைக்கிறேன், பெருந்தன்மையாக இருந்தேன் என்று பின்னாளில் எனக்கே கதை சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

படிக்கட்டில் மோனிஷா பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“சிதம்பரம்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“எங்க சின்னம்மாவ ஒங்க ஊருலதான் கட்டிக் குடுத்திருக்கு டீச்சர். ஒங்க தம்பி வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. ஜூன் மாசமே தெரியும்.”

“அப்புறம் ஏன் மாத்திச் சொன்ன?”

“மத்த டீச்சருங்ககிட்ட நீங்க அப்படித்தான சொல்லிக்கிட்டிருந்தீங்க. நான் உள்ளதச் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்ல.”

அவளே பேச்சை மாற்றினாள்.

“வேற புக்கு இருக்கா டீச்சர்? இதே மாதிரி, பழைய காலத்துக் கத.”

“வகுப்பே கெடையாதுடி இனிமே. சாவியும் போயிடுச்சு.”

“வகுப்பு போனா போவுது டீச்சர். நீங்க எங்கயாச்சும் தேடி வாங்கிட்டு வாங்க. ஆனா இந்தத் தடவ எதயும் ஒட்டாம குடுங்க.”

சரி என்றேன்.